நிமிடத்துக்கு ஆயிரம் சொல்

மனைவி எழுதிய முப்பத்திரண்டு பக்கக் கடிதத்தை மூன்றே நிமிடத்தில் படித்தார். "நீ கேட்டதற்கு எனக்கு முழுச் சம்மதம்" என்று திங்கட்கிழமை காலையே பதிலும் போட்டுவிட்டார். எதற்குச் சம்மதித்தோம் என்பது குமாஸ்தாவுக்கு வியாழக்கிழமை மாலைதான் தெரிந்தது.

அது பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

"அப்புறம் இன்னொண்ணு. பெரிய டாக்டர் என்னை இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்றார். புது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து மேஜை மேல வச்சுட்டுப் போயிருக்கார். பேனாவையும் பக்கத்துலயே வச்சுட்டுப் போயிருக்கார், பாருங்க சாமர்த்தியத்தை!"

குமாஸ்தா அந்த வரிகளின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. எடுத்தால் ஒரு வருஷம் இன்னும் நீண்டுவிடுமோ என்று பயந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஒரு வருஷமா!" என்று உரக்கச் சொன்னார். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஆள் இல்லாததுதான் பிரச்சினையே.

அவர் மனைவி ஒரு நர்ஸ். மலைக்கு அந்தப்புறம் ஒரு சுரங்க முகாமின் ஆஸ்பத்திரியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை. அதில் இருபத்திரண்டு மாதம் போய்விட்டது. இரண்டே மாதம் பாக்கி. முகாமில் தொலைபேசி கிடையாது. சுரங்கக் கம்பெனியின் லாரிதான் தபால் பை. சனிக்கிழமை இங்கே வரும், திங்கட்கிழமை திரும்பும், புதன்கிழமை முகாமைச் சேரும், வியாழக்கிழமை மறுபடி கிளம்பும். குமாஸ்தாவின் வாரம் அந்த லாரியின் நான்கு சக்கரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போகட்டுமா என்று அவள் முதன்முதலில் கேட்டபோதும் அவர் சம்மதம்தான் சொன்னார். "உன் இஷ்டம்" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "போகாதே" என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்து அவள் கொஞ்ச நேரம் நின்றாள் என்பது, பஸ் புறப்பட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. எதையும் மெதுவாகப் புரிந்துகொள்கிற மனிதர்.

படிப்பதும் அப்படியே. விரலை வைத்து, உதட்டை அசைத்து, வரிக்கு வரி நின்று படிப்பார். அதற்கு ஒரு காரணம் உண்டு; அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து பதினாறு வருஷம், காலையில் அவர் முகச்சவரம் செய்யும்போது அவள் பேப்பரை உரக்கப் படிப்பாள். நடுநடுவே "ச்சு" கொட்டுவாள், "இவனுக்கு வேற வேலையில்லை" என்று மந்திரிகளைத் திட்டுவாள். படித்துப் படித்து, அவர் மண்டைக்குள் வாசிக்கிற குரலே அவளுடையதாகிவிட்டது. தெருவிளம்பரமோ மருந்துச் சீட்டோ, எதைப் பார்த்தாலும் அவள்தான் உள்ளே இருந்து வாசித்தாள். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஊரில் எவனோ எழுதினாலும், அது அவள் குரலில்தான் அடைத்துக்கொள்ளும்.

அப்படி எழுதுகிறவர்களின் கடிதங்களைப் படித்துச் சுருக்கம் எழுதுவதுதான் அவர் உத்தியோகம். தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு. பதினெட்டு வருஷமாக ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கடிதம். புதிதாக வந்த மேலாளர் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினார். எல்லோருக்கும் நேராக ஒரு கோடு மேலே ஏறியது. குமாஸ்தாவின் கோடு தரையில் படுத்துத் தூங்கியது.

"ஐயா, உங்களுக்கு ஆபீஸ்ல என்ன பேர் தெரியுமா?" என்று மேலாளர் கேட்டார்.

"ஆமை சார்."

"கோபம் வரலையா?"

"வந்துக்கிட்டிருக்கு சார். இன்னும் வந்து சேரல."

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அக்கா மெஷினுக்குப் பின்னால் குனிந்து சிரித்தாள். மேலாளர் சிரிக்கவில்லை. நாளொன்றுக்கு அறுபது கடிதம், இல்லையென்றால் மீட்டர் கிடங்குக்கு மாற்றல் என்றார். அலுவலகத்துக்கு எதிர் மாடியில் நடந்த வேக வாசிப்பு வகுப்பில் அவரே குமாஸ்தாவின் பெயரையும் கொடுத்துவிட்டார்.

குமாஸ்தாவுக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. மனைவியின் கடிதத்தை அவர் ஒரு வாரம் வைத்துப் படிப்பார். சனிக்கிழமை ஐந்து பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து பக்கம் என்று அளந்து அளந்து, வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பக்கம். எல்லாக் கடிதமும் ஒரே வரியில்தான் முடியும்: "சாப்பிட்டீங்களா?" அதற்கு அவர் "ம்" என்று சுவரிடம் சொல்வார். மறுநாள் அடுத்த கடிதம். இதில் ஒரே ஒரு சங்கடம், பதில் எப்போதும் ஒரு வாரம் தாமதம். "காய்ச்சல்னு எழுதினா, நான் குணமாகி வேலைக்குப் போன பிறகு கஷாயம் குடிக்கச் சொல்லி எழுதறீங்க" என்று அவள் கேலி செய்திருந்தாள். கேலிதான். ஆனால் அதைப் படித்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

ஒருமுறையாவது உடனே பதில் போட வேண்டும். அதற்காகவே வகுப்புக்குப் போனார்.

வேக வாசிப்பு மாஸ்டர் ஒல்லியான மனிதர். ஆளைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார்.

"படிக்கும்போது உங்க உள்ளே ஒரு குரல் கேக்குதா?"

"கேக்குது."

"அதுதான் எதிரி. அது பேசற வேகத்துலதான் நீங்க படிக்க முடியும். முதல்ல அந்தக் குரலைக் கொல்லணும்."

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கொல்லாம... கொஞ்ச நாள் வெளியூர் அனுப்பலாமா?"

"ம்ம்ம்-னு முனகிக்கிட்டே படிங்க. குரல் தானா அடங்கிடும். போன வரிக்குத் திரும்பிப் போகவே கூடாது. சின்னச் சின்ன வார்த்தையெல்லாம் உமி, அதைத் தள்ளிடுங்க. நெல்லை மட்டும் பொறுக்குங்க."

"இது நிஜமாவே வேலை செய்யுமா மாஸ்டர்?"

"வேலை செய்யுமான்னு கேக்கறவங்களுக்கு வேலை செய்யாது."

ஆறாம் நாள் பரீட்சை. நான்கு பக்கக் கதையைக் கொடுத்து மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிமிஷத்துக்கு ஆயிரம் சொல்! சபாஷ். கதையில யார் வர்றாங்க?"

"ஒருத்தர்."

"என்ன செய்யறார்?"

"எதையோ தேடறார்."

"கிடைச்சுதா?"

குமாஸ்தா யோசித்தார். "கிடைச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"எழுபது சதவீதம்! இதுக்கு மேல என்ன வேணும்?"

"மீதி முப்பது?"

"அது ஆழ்மனசுல இருக்கும். கண்ணு பாத்ததை மனசு படிச்சிடும், உங்களுக்குத்தான் தெரியாது."

அலுவலகத்தில் அவருடைய கோடு ஏறத் தொடங்கியது. ஒரே நாளில் அறுபத்தோரு கடிதம். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கைகுலுக்கினார். அந்த அறுபத்தொன்றில் ஒன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுதிய நன்றிக் கடிதம். கசிவு நின்றுவிட்டது, புதுத் தரை போட்டாகிவிட்டது, இனி ஆட்கள் யாரும் வர வேண்டியதில்லை என்று ஆறு பக்கத்துக்கு அழகாக எழுதியிருந்தார். குமாஸ்தா உமியைத் தள்ளி நெல்லைப் பொறுக்கினார். கசிவு, தரை, ஆட்கள். கடப்பாரையோடு நான்கு ஆட்கள் போய், இரண்டு நாள் வயதான புதுத் தரையைப் பெயர்த்துவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகாவது அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் குதிரை ஓடப் பழகிவிட்டால் கடிவாளம் சும்மா அலங்காரம்தான். சனிக்கிழமை லாரி வந்தது. சரியாக நான்கு மணிக்குக் கடிதத்தைப் பிரித்து முதல் பக்கத்தில் கண்ணை வைத்தார். "ம்ம்ம்" தானாகக் கிளம்பிவிட்டது. அவர் சுதாரித்துக்கொள்வதற்குள் முப்பத்திரண்டாம் பக்கம் முடிந்துபோயிருந்தது. மணி நான்கு அடித்து மூன்று நிமிடம்.

என்ன படித்தோம் என்று நினைத்துப் பார்த்தார். ஒரு ஆடு இருந்தது. டாக்டரின் பல் ஏதோ ஆனது. திரைச்சீலையா, ஜன்னலா, எதையோ பற்றி ஒரு கேள்வியும் இருந்தது. அவள் எப்போதுமே அப்படித்தான். விஷயத்துக்கு நேராக வர மாட்டாள். ஊரையெல்லாம் சுற்றிவிட்டு, எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவாள். எதைக் கேட்டிருந்தால் என்ன? அவள் கேட்டு அவர் எதை மறுத்திருக்கிறார்? முதன்முறையாக வந்த வாரமே பதில் போகிற சந்தோஷத்தில் எழுதினார்: "நீ கேட்டதற்கு எனக்கு முழுச் சம்மதம். யோசிக்கவே வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் வாரம் பல்லைக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை படிக்க ஒன்றுமில்லை. திங்கள், செவ்வாய் ஒன்றுமில்லை. அதே கடிதத்தைத் திரும்ப எடுத்தால் கண் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதைவிடக் கொடுமை, உள்ளே சத்தமே இல்லை. பேப்பரைப் பிரித்தார், சத்தமில்லை. மருந்துச் சீட்டு, பஸ் பலகை, எதிலும் சத்தமில்லை. பதினாறு வருஷமாகக் குடியிருந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

வியாழக்கிழமை மாலை, பிடிவாதமாக விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, குழந்தை எழுத்துக்கூட்டுவதுபோல வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு முறை, லேசாக, அவள் "ச்சு" என்றது கேட்டது. குமாஸ்தாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒன்பதாம் பக்கத்தில் ஆடு வந்தது; மருந்து அறைக்குள் நுழைந்து பஞ்சைத் தின்றிருக்கிறது. பன்னிரண்டில் டாக்டரின் பல். பதினேழில் அந்த வரிகள்.

அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. பதினேழாம் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினார்.

சுரங்கக் கம்பெனியின் நகர அலுவலகத்தில் ஒரு வயர்லெஸ் அறை இருந்தது. அதில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வயர்லெஸ்காரர் ஒருவர் இருந்தார். நேர்ப்பதில் சொன்னால் பதவி பறிபோய்விடும் என்பதுபோல வாழ்கிறவர்.

"முகாமுக்கு ஒரு செய்தி அனுப்பணுங்க. என் மனைவி அங்க நர்ஸ்."

"ஊழியர் குடும்பச் செய்தி அவசரம்னாத்தான். படிவத்துல காரணம் எழுதுங்க. பத்துச் சொல்லுக்கு மேல கூடாது."

படிவத்தில் நான்கு காரணங்கள் அச்சடித்திருந்தன: மரணம், பிறப்பு, தீ, திருட்டு. குமாஸ்தா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆகவே நிதானமாகத் தேர்ந்தெடுத்தார். மரணத்தை விளையாட்டுக்குக்கூட எழுதக்கூடாது. மனைவி போய் இருபத்திரண்டு மாதம் ஆன வீட்டில் பிறப்பு என்று எழுதினால் விளக்கம் சொல்வது கஷ்டம். திருட்டென்றால் போலீஸ் வரும். தீதான் யாருக்கும் தொந்தரவில்லாதது என்று நினைத்து, தீக்கு நேராக ஒரு குறி போட்டார்.

செய்தியை எழுதி நீட்டினார்: "நீ கேட்டதற்குச் சம்மதம் இல்லை. என் கடிதம் தவறு. மன்னித்துவிடு."

வயர்லெஸ்காரர் விரல்விட்டு எண்ணினார். "எட்டு. ரெண்டு சொல் மிச்சம் இருக்கு. என்ன கேட்டாங்கன்னு எழுதலையா?"

"அது அவளுக்குத் தெரியும். உங்களுக்கு எதுக்குங்க?"

"எனக்கு எதுக்கு?" என்று அவரும் ஒப்புக்கொண்டார். படிவத்தைத் திருப்பினார். தீ என்பதைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்போல.

"எப்ப போய்ச் சேரும்?"

"வரிசையில இருக்கு."

"வரிசைன்னா?"

"வரிசைதான்."

தீ என்று குறி போட்ட படிவம் ஒன்று, வயர்லெஸ் அறையிலிருந்து எழுந்து பக்கத்து அறைக்கு நடந்து போகும் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியாது. பக்கத்து அறை அதிகாரி, நர்ஸின் கோப்பைப் பார்த்து, கணவர் வேலை செய்யும் தண்ணீர் வாரியத்துக்குத் தொலைபேசி செய்தார். "உங்க ஊழியர் வீட்டுல தீ. அவர் இங்க நின்னுக்கிட்டு மனைவிக்கு மன்னிப்புச் செய்தி அனுப்பறார், பாவம்." மேலாளருக்குக் கண்டிப்பு இருந்ததே தவிர ஈரம் இல்லாமலில்லை. "தீயணைப்பு வண்டி வர்றதுக்குள்ள நம்ம டேங்கர் போகட்டும்!" என்று கத்தினார்.

குமாஸ்தா வீடு திரும்பியபோது வாசலில் டேங்கர் நின்றது. கதவு நின்ற இடத்தில் கதவு இல்லை. உள்ளேயிருந்து தண்ணீர் நிதானமாகப் படியிறங்கி வந்தது. நான்கு ஆட்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நான்கு ஆட்கள்.

மேஸ்திரி சலாம் வைத்தார். "அந்தத் தரை ஒடைச்ச வீட்டுக்கு எங்கள அனுப்பினது நீங்கதானே சார்? இங்க அப்படி எதையும் ஒடைக்கல. கதவு மட்டும்தான்."

"தீயே இல்லையேப்பா!"

"இல்லதான் சார். இருந்தாலும் வந்தது வந்துட்டோம், எதுக்கும் இருக்கட்டும்னு எல்லா ரூமையும் நனைச்சுட்டோம். இனிமே ஒரு வருஷத்துக்கு உங்க வீட்டுல தீப்பிடிக்காது."

"ஒரு வருஷமா?" என்றார் குமாஸ்தா.

பழைய கடிதங்கள் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. மேஜை மேல் இருந்தது இந்த வாரக் கடிதம். அதை அவர் இரண்டு கைகளாலும் அள்ளினார். குளிக்கவைத்த குழந்தைபோலச் சொட்டியது. தாள் தாளாகப் பிரித்து, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். மசியெல்லாம் கரைந்து ஓடி, ஒவ்வொரு பக்கமும் வெளிர்நீல வானமாக இருந்தது. அங்கங்கே ஒரு "ஆனா", ஒரு "இல்லை", ஒரு "அப்புறம்". மாஸ்டர் தள்ளச் சொன்ன உமியெல்லாம் பிழைத்துக் கிடந்தது, நெல்தான் போய்விட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கேள்விக்குறி மட்டும் தெளிவாக நின்றது.

"ம்" என்றார் குமாஸ்தா அதைப் பார்த்து. பிறகு, யாருமில்லை என்பதால் உண்மையைச் சொன்னார்: "சாப்பிடலை."

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டார்.

"ஐயா, டேங்கர் போனது ஒண்ணு, கதவு போனது ஒண்ணு. எனக்கு ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுல தீ எங்கய்யா இருந்துச்சு?"

குமாஸ்தா வாயைத் திறப்பதற்குள் டைப்பிஸ்ட் அக்கா முந்திக்கொண்டாள். "வயித்துல சார்."

பிறகு அவள் அவர் மேஜைக்கு வந்து, பதினேழாம் பக்கத்தை வாங்கிப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"இதுக்கா சம்மதம்னு எழுதுனீங்க?"

"இதுக்குத்தான்கா."

"அடுத்த பக்கத்துல என்ன இருக்கு?"

"காயுது."

"ஒரு கடுதாசிய முழுசாப் படிக்காம ஒருத்தர் பதில் போடுவாரா?"

"முழுசாத்தான் படிச்சேன்!" என்றார் குமாஸ்தா ரோஷத்தோடு. "மூணு நிமிஷத்துல."

அக்கா பதினேழாம் பக்கத்தை அவரிடமே நீட்டினாள். "அந்தப் பொண்ணு உங்களைக் கட்டிக்கிட்டு மலையேறினதுல தப்பே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய், தன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் எதிர் மாடிக்கு ஓடினார். மாஸ்டர் புது மாணவர்களுக்கு "ம்ம்ம்" கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அறையே ஒரு தேன்கூடுபோல இரைந்தது.

"மாஸ்டர், கண்ணு பாத்ததெல்லாம் மண்டைக்குள்ள இருக்கும்னு சொன்னீங்க. பதினேழுக்கு அப்புறம் பதினஞ்சு பக்கம், இருக்கா?"

"ஆழ்மனசுல பத்திரமா இருக்கு."

"எடுத்துக் குடுங்க."

"அது அடுத்த நிலை வகுப்பு."

"அப்ப மெதுவாப் படிக்கவாவது திரும்பச் சொல்லிக்குடுங்க."

"அதுக்கு வகுப்பு கிடையாது. அது எல்லாருக்கும் தானா வரும்."

"எனக்கும் தானாத்தான் வந்துச்சு. நீங்கதான் வாங்கி வச்சுக்கிட்டீங்க. மாஸ்டர், ஒரே வார்த்தையில சொல்லுங்க. இந்த வேக வாசிப்பு வேலை செய்யுதா, செய்யலையா?"

மாஸ்டர் அவர் தோளைத் தொட்டார். "உங்களுக்கு என்ன தோணுது?"

குமாஸ்தாவுக்குத் தோன்றியதை அச்சில் போட முடியாது.

மாலையில் மறுபடி வயர்லெஸ் அறை. முதல் செய்தி வெடுக்கென்று இருந்துவிட்டதோ என்று ராத்திரியெல்லாம் உறுத்தியிருந்தது. அவள் முகாமில் தனியாக நின்று "சம்மதம் இல்லை" என்று படிப்பாள். எந்தக் குரலில் படிப்பாள்? அவர் குரலிலா? அவருக்கு அங்கே ஒரு குரலாவது இருக்கிறதா? அவர் எழுதியதெல்லாம் அரைப் பக்கம், அதுவும் கஷாயம்.

இரண்டாவது செய்தியை எழுதினார்: "கோபம் இல்லை. பழைய ஏற்பாடே போதும். இரண்டு மாதம் காத்திருக்கிறேன். சாப்பிட்டாயா?"

"ஒன்பது" என்றார் வயர்லெஸ்காரர். "இன்னும் ஒண்ணு போடலாம்."

குமாஸ்தா பேனாவோடு நின்றார். பதினாறு வருஷமும் இருபத்திரண்டு மாதமும் அந்த ஒரு சொல்லுக்குள் நுழையப் பார்த்து, வாசலில் நெரிசலாகி நின்றன. வீடு என்று எழுத நினைத்தார். குரல் என்று எழுத நினைத்தார். அவள் பெயரை எழுதலாமா என்றும் நினைத்தார்.

"காலியா விட்டுடுங்க."

"காலியை அனுப்ப முடியாதுங்க."

"அது அவளுக்குப் புரியும்."

வயர்லெஸ்காரர் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். படிவத்தை வாங்கி, நேற்றைய படிவத்தின் மேல் வைத்து, அவற்றின் மேல் ஒரு கல்லை வைத்தார்.

"நேத்து குடுத்தது போச்சா?"

"வரிசையில இருக்கு."

"இப்ப குடுத்தது?"

"அதுக்குப் பின்னாடி இருக்கு."

"அவகிட்ட இருந்து ஏதாவது வந்துதா?"

"வந்தா சொல்லமாட்டேனா?"

"வரலையா?"

"வந்தா சொல்வேன்னுதானே சொன்னேன்?"

சனிக்கிழமை அவர் இரண்டு மணிக்கே கம்பெனியின் லாரி முற்றத்துக்கு வந்துவிட்டார். லாரி மூன்று மணிக்கு. இன்றைக்கு வரப்போகும் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று வழியெல்லாம் திட்டமிட்டிருந்தார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். "ம்ம்ம்" கிளம்பினால் வாயில் துணியை வைத்துக்கொள்வது. ஒரு வருஷம் என்றால் ஐம்பத்திரண்டு கடிதம். கடிதத்துக்கு முப்பத்திரண்டு பக்கம் என்றால் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பக்கம். நாளுக்கு ஒன்று என்றால் நாலரை வருஷம் வரும். அவள் ஒரே வருஷத்தில் வந்துவிட்டால், அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

ஆனால் இன்றைக்குக் கடிதம் வருமா? கையெழுத்துப் போட்டிருப்பாளா? அவர் அவசரப்பட்டுச் சம்மதம் சொன்ன அழகைப் பார்த்து, "யோசிக்கவே வேண்டாமாம்!" என்று நொந்துபோய், பேனாவை எடுத்திருப்பாளா? அன்றைக்கு அவர் பதிலுக்காக நின்றதுபோல, இப்போதும் மேஜை முன்னால் கொஞ்ச நேரம் நின்றிருப்பாளா?

அதை நினைத்தபோது அவரால் முற்றத்தில் நிற்க முடியவில்லை. வயர்லெஸ் அறைக்குள் நுழைந்தார். வயர்லெஸ்காரர் காதுக் கருவியை மாட்டியபடி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மேஜை மேல் கல் இருந்தது. கல்லுக்கு அடியில் இரண்டு படிவங்களும் அப்படியே இருந்தன.

"இது என்னங்க? ரெண்டும் இங்கேயே இருக்கு!"

"மலையில மழை. ரெண்டு நாளா செட்டு வேலை செய்யல. இப்பத்தான் முகாம் கிடைச்சுது."

"அப்ப இப்பவே அனுப்புங்க! முதல்ல முதல் படிவம்!"

வெளியே, தெருமுனையில், லாரியின் ஹாரன் கேட்டது. குமாஸ்தா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் வாழ்க்கையில யாரையும் அதட்டினதில்லை. இப்ப அதட்டறேன்னு வச்சுக்கங்க. மாஸ்டரைக் கேட்டேன், ஆழ்மனசுங்கிறார். உங்களைக் கேட்டா வரிசைங்கிறீங்க. என் வீட்டுல கதவு இல்லை. என் மண்டையில சத்தம் இல்லை. முப்பத்தொரு பக்கம் கொடியில காயுது, அதுல ஒரு கேள்விக்குறியைத் தவிர ஒண்ணும் மிஞ்சல. எனக்கு ஒரே ஒரு நேரான பதில் வேணும். அவ கையெழுத்துப் போட்டுட்டாளா, இல்லையா?"

லாரி முற்றத்துக்குள் திரும்பியது. வயர்லெஸ்காரர் காதிலிருந்து கருவியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கல்லை எடுத்தார். இரண்டு படிவங்களையும் நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்த ஆளு இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டு நான் பாத்ததே இல்லைன்னு உங்க கடுதாசிய முகாம் முழுக்கக் காட்டிட்டு, வியாழக்கிழமையே வேலைய விட்டுட்டு லாரில ஏறிட்டாங்களாம், 'இன்னும் ரெண்டு மாசங்கூட இருக்க முடியல, இப்பவே வந்துடட்டுமா?'ன்னு கடைசிப் பக்கத்துல கேட்டிருந்தாங்களாமே, நீங்க படிக்கலையா?"